எழுந்த கரை, அமிழ்ந்த கரை

சிப்பிகாட் வயல்களில் ஏறிய கடல்நீர், சுனாமி ஓய்ந்த பிறகும் இறங்கவில்லை. போர்ட் பிளேரை ஒட்டிய அந்தக் கிராமத்தின் விளைநிலங்கள், 2004 டிசம்பர் 26க்குப் பிறகு ஒவ்வொரு ஏற்றத்துக்கும் உப்புநீரில் மூழ்கின. வாரங்கள் போயும் கடல் தன் பழைய எல்லைக்குத் திரும்பவில்லை. அதே நாட்களில், வடக்கே சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி, மத்திய அந்தமானின் மேற்கில் இருக்கும் இன்டர்வியூ தீவில் நேர்மாறான நிலை. அதுவரை நீருக்கடியில் வாழ்ந்த பவளத்திட்டுகள் கரையோரம் நெடுகிலும் வெயிலில் காய்ந்து வெளுத்துக் கிடந்தன. ஏற்றத்தின் உச்சத்திலும் தண்ணீர் அவற்றை எட்டவில்லை.

ஒரே கடல் ஓரிடத்தில் உயர்ந்து, இன்னோரிடத்தில் தாழ்ந்து நிற்க முடியாது. அசைந்தது நிலம்தான்.

அன்று காலை இந்திய நேரப்படி 6.29 மணிக்குச் சுமத்ராவின் வடமேற்கே தொடங்கிய நிலநடுக்க முறிவு, வடக்கு நோக்கி ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடி, அந்தமானின் வடகோடியை எட்டித்தான் நின்றது. ரிக்டர் காலத்து அளவைகள் இத்தனை பெரிய நடுக்கத்தைச் சரியாகக் காட்டுவதில்லை. இன்று வழங்கும் திருப்புத்திற அளவில் அது 9.1 என்றும் 9.3 என்றும் கணிக்கப்பட்டிருக்கிறது. தமிழகத்துக்கு அந்தக் காலை வந்து சேர்ந்தது அலையாக. அந்தமான் நிக்கோபாருக்கு அது நிலத்தின் மட்டமே மாறிப்போன காலை. போர்ட் பிளேர் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களை ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்திய கச்சால் தீவு தாழ்ந்து, அதன் கரையோரம் கடலுக்குள் போனது. நாட்டின் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் இறங்கிற்று. தரையில் நின்ற கலங்கரை விளக்கம் தண்ணீரில் நிற்கலாயிற்று.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தீவுகளுக்கு மேற்கே கடலடியில் ஒரு நீண்ட அகழி ஓடுகிறது. இந்தியத் தட்டு அந்த அகழி வழியாகப் பர்மா சிறுதட்டின் அடியில் நுழைகிறது. நுழையும்போது வழுக்கிக்கொண்டு போவதில்லை. மேல்தட்டின் விளிம்போடு சிக்கிக்கொண்டு, அதையும் கீழே இழுத்து வளைக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் இந்த வளைவு சேர்கிறது. வளைத்துப் பிடித்த மூங்கிலைத் திடீரென விட்டது போல, நடுக்கத்தின்போது விளிம்பு மேலே எகிறுகிறது. அதன் பின்னால் புடைத்து நின்ற பகுதி கீழே இறங்குகிறது. அகழிக்கு அருகில் உள்ள கரை எழும், விலகியிருக்கும் கரை அமிழும். இரண்டுக்கும் நடுவே ஏறாமலும் இறங்காமலும் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு எந்தத் தீவின் ஊடாக, எந்தக் கரையருகே போகிறது என்று வரைவதுதான் 2005இன் தொடக்கத்தில் அந்தமானில் இறங்கிய நிலவியலாளர்களின் முதல் வேலை.

அதற்கு அவர்களுக்குச் சுத்தியல் அதிகம் தேவைப்படவில்லை. அளவுகோலும் ஏற்றவற்ற அட்டவணையும் கைக்கடிகாரமும் போதும். துறைமுகத் தூண்களிலும் அலையாத்தி வேர்களிலும் சிப்பியும் கொட்டலசும் ஒட்டி வளரும் மட்டம் ஒன்று உண்டு. கடல்மட்டத்தோடு அது பிசகாமல் ஒத்துப்போகும். நிலம் உயர்ந்த இடத்தில் அந்த உயிர்கள் செத்து, வெள்ளைக் கோடாகத் தண்ணீருக்கு மேலே நிற்கும். தாழ்ந்த இடத்தில் பழைய கோடு நீருக்குள் போய்விடும். செத்த கோட்டுக்கும், இப்போது உயிர்கள் வளர்கிற கோட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் நிலம் எத்தனை அசைந்தது என்பது கிடைத்துவிடும்.

இதைவிட நுட்பமான சாட்சி பவளம். பொரைட்டிஸ் என்ற பவள இனம் குமிழாக மேல்நோக்கி வளரும். வற்றத்தின் மிகத் தாழ்ந்த நீர்மட்டத்தைத் தொட்டதும் அதற்குமேல் வளர முடியாது. காற்றுப் பட்டால் அந்தப் பகுதி இறந்துவிடும். எனவே உச்சி தட்டையாகி, பக்கவாட்டில் மட்டும் ஆண்டுக்காண்டு வளையம் வளையமாகப் பரவும். இதற்கு நுண்பவளத்திட்டு என்று பெயர். நிலம் மெல்ல அமிழ்ந்தால் புதிய வளையங்கள் பழையவற்றைவிட உயரமாக அமையும். நிலம் திடீரென எழுந்தால் மேற்பகுதி முழுவதும் ஒரே நாளில் செத்து, கீழே புதிய விளிம்பு தோன்றும். பவளத்திலிருந்து ஒரு பலகையை அறுத்தெடுத்து எக்ஸ்ரே எடுத்தால் ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரியும். யுரேனியம், தோரியம் விகிதத்தைக் கொண்டு அவற்றின் வயதையும் சொல்லலாம். அமெரிக்காவின் கால்டெக்கில் இருந்த கெர்ரி சீ சுமத்ராவின் மேற்குத் தீவுகளில் இந்தப் பவளங்களைப் பல ஆண்டுகளாகப் படித்துவந்தார். எழுத்தில்லாத கரைகளின் நில அசைவு வரலாற்றை ஆண்டுக் கணக்கில் சொல்லக்கூடிய வேறு சாட்சி அரிது.

ஆனால் எல்லாத் தீவிலும் இறங்கிப் பார்க்க முடியாது. வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி எவரும் நெருங்கக் கூடாது என்பது சட்டம். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அதன் அடிப்படை. அங்கே வாழும் மக்களும் வெளியாரை வரவிடுவதில்லை. அந்தமானில் மிக அதிகம் எழுந்த கரைகளில் ஒன்று அந்தத் தீவுதான். இந்தச் சிக்கலை ஆரன் மெல்ட்ஸ்னரும் கெர்ரி சீயும் அவர்களது குழுவினரும் செயற்கைக்கோள் படங்களால் கடந்தார்கள். நடுக்கத்துக்கு முன்பும் பின்பும் எடுத்த படங்களைச் சேகரித்து, ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட நிமிடத்தில் கடல் எத்தனை உயரத்தில் நின்றிருக்கும் என்று கணக்கிட்டார்கள். முன்பு வற்றத்தில்கூடத் தெரியாத பவளத்திட்டு, பின்பு ஏற்றத்தின்போதும் வெளியே தெரிந்தால், இரண்டு நீர்மட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு அந்த நிலம் குறைந்தபட்சம் எவ்வளவு உயர்ந்தது என்பதைக் காட்டும். 2006இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின்படி வடக்கு சென்டினல் 1 முதல் 2 மீட்டர் வரை எழுந்திருக்கிறது. யாரையும் தொந்தரவு செய்யாமல் கிடைத்த அளவு என்பதால் அதன் மதிப்பு இன்னும் கூடுகிறது.

அளப்பதில் ஒரு நெருக்கடி உண்டு. நடுக்கத்துக்குப் பிறகு எத்தனை கருவிகளைக் கொண்டுபோனாலும், முன்பு நிலம் எங்கே இருந்தது என்று யாராவது அளந்து வைத்திருந்தால்தான் வேறுபாடு தெரியும். அந்த வகையில் திருவனந்தபுரத்தின் புவி அறிவியல் ஆய்வு மையத்துக்கு இந்திய அறிவியல் கடன்பட்டிருக்கிறது. 2002 செப்டம்பர் 13 அன்று வடக்கு அந்தமானின் டிக்லிபூர் அருகே 6.5 அளவில் ஒரு நடுக்கம் வந்தது. அதைப் படிக்கத் தீவுகளுக்குப் போன சி.பி. ராஜேந்திரன், குசலா ராஜேந்திரன் குழுவினர், பாறைகளில் குறிமுனைகளைப் பதித்து, ஜி.பி.எஸ். கருவியால் அவற்றின் இடத்தை நுட்பமாக அளந்து வைத்தார்கள். பெரிய செய்தி எதுவும் ஆகாத, அலுப்பான வேலை. 2004 டிசம்பருக்குப் பிறகு அதே முனைகளுக்குத் திரும்பி அளந்தபோது, அந்தப் பழைய எண்களுக்கு விலை ஏதும் சொல்ல முடியாது என்று ஆனது. ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வினீத் கஹலாவுத் குழுவினரும் தீவுகளின் அளவை முனைகளைத் திரும்ப அளந்தார்கள். தீவுகள் தென்மேற்குத் திசையில் 1.5 முதல் 6.5 மீட்டர் வரை நகர்ந்திருந்தன. ஒரு தீவே, காடும் ஊரும் குன்றுமாக, சில நிமிடங்களில் பேருந்தின் பாதி நீளம் இடம்பெயர்ந்திருக்கிறது.

அந்தமானில் நிலவியல் செய்வது மற்ற இடங்களில் செய்வது மாதிரி இல்லை. சேலத்திலோ அரியலூரிலோ பாறை கண்ணுக்குத் தெரியும். நடந்துபோய்த் தட்டிப் பார்க்கலாம். இங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மே மாதத்தில் தொடங்கினால் டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. காடு எல்லாவற்றையும் மூடிக்கொள்கிறது. அதற்கடியில் பாறை மட்கிச் சிவப்பு மண்ணாகக் கிடக்கிறது. பாறை தன் முகத்தைக் காட்டுவது பெரும்பாலும் கடலோரத்தில்தான், அதுவும் நீர் வற்றும் சில மணி நேரம். ஆகவே இங்கே நிலவியலாளரின் நாளைச் சூரியன் தீர்மானிப்பதில்லை, நிலவு தீர்மானிக்கிறது. விடியுமுன் டிங்கிப் படகில் கிளம்பி, வற்றம் தொடங்கும்போது கரையை அடைந்து, நீர் திரும்ப ஏறுமுன் முடித்துவிட வேண்டும். கழிமுகங்களில் உப்புநீர் முதலை உண்டு. மணல் ஈக்கடி வாரக்கணக்கில் ஆறாது. இதற்கெல்லாம் முன்பாக வனத்துறை அனுமதி, நிக்கோபாருக்குத் தனி அனுமதிச் சீட்டு, ஜாரவா காப்புப் பகுதிக்குள் நுழையத் தடை. தெற்கு, மத்திய அந்தமான்களின் மேற்குக் கரையில் பெரும்பகுதி அந்தக் காப்புப் பகுதிக்குள்தான் வருகிறது.

பையில் இருப்பவை எளிய பொருள்கள்: சுத்தியல், சாய்வையும் திசையையும் அளக்கும் திசைகாட்டி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சுண்ணாம்பா இல்லையா என்று சொட்டு விட்டுப் பார்க்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், மழைக்கு அழியாத மை, நனையாத குறிப்பேடு. கல்லை உடைத்து எடுப்பதைவிட, அது எங்கே, எந்தப் படுகையில், எந்தப் பக்கம் மேலாக இருந்தது என்று குறிப்பதற்கே அதிக நேரம் போகும். அந்தக் குறிப்பு இல்லாத கல் ஆய்வகத்துக்கு வந்தால் அது வெறும் கல்.

பாரன் தீவுக்குப் போவது இதனினும் கடினம். போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டரில், கடலடியிலிருந்து எழும்பி நிற்கும் எரிமலையின் உச்சிதான் அந்தத் தீவு. இந்தியாவில் இன்று உயிரோடிருக்கும் ஒரே எரிமலை. 1787இல் அது நெருப்பு உமிழ்ந்ததுதான் எழுத்தில் பதிவான முதல் வெடிப்பு. 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் அதன் அருகே போய்ப் பார்த்து எழுதினார். 1832க்குப் பிறகு அடங்கிவிட்டது. 1884இல் ஜி.எஸ்.ஐ. என்று அழைக்கப்படும் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எஃப்.ஆர். மேலட் அங்கே போய், அமைதியாகக் கிடந்த மலையை அளந்து, நார்கொண்டம் தீவையும் சேர்த்து விரிவான நூல் எழுதினார். 1991 மார்ச் 28 அன்று மலை மறுபடி விழித்தது. ஏறக்குறைய 160 ஆண்டுத் தூக்கம். அதன் பிறகு 1994, 2005 என்று பலமுறை பொங்கிவிட்டது. தீவில் இறங்கத் தோதான இடம் மேற்கே எரிமலையின் சுற்றுச்சுவர் உடைந்து எரிகுழம்பு கடலுக்குள் ஓடிவந்த வழிதான். இறங்கும் துறையும் குழம்பு வரும் துறையும் ஒன்று. அங்கே குடிநீர் ஓடை கிடையாது, ஆனால் 1891இல் விடப்பட்ட ஆடுகளின் வம்சம் மட்டும் பெருகி வாழ்கிறது. 2017 ஜனவரி 23 அன்று கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் சிந்து சங்கல்ப் கப்பலில் அருகே மண் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தபோது மலை சாம்பலைக் கக்கத் தொடங்கியது. பகலில் புகை, இரவில் செந்நிற ஊற்று. திட்டமிட்டுப் போனாலும் கிடைக்காத காட்சி.

இந்தத் தீவுகளின் கல்லைப் படித்தவர்கள் வரிசை பழையது. 1846இல் டென்மார்க்கின் கலத்தியா கப்பற்பயணத்தோடு வந்த ஹின்ரிக் ரிங்க் நிக்கோபாரின் நிலவியலை முதலில் எழுதினார். 1858இல் ஆஸ்திரியாவின் நொவாரா கப்பலில் ஃபெர்டினாண்ட் ஃபான் ஹோக்ஸ்டெட்டர் வந்தார். அரியலூர், திருச்சிப் பகுதிகளின் கிரெட்டேசியஸ் காலச் சிப்பிப் புதைபடிவங்களை உலகுக்கு விவரித்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிட்ஸ்கா, 1870இல் அந்தமானில் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகக் குவித்த சிப்பி ஓட்டு மேடுகளைப் பற்றி எழுதினார். 1911இல் ஜி.எச். டிப்பர், 1920களில் ஈ.ஆர். ஜீ. இவர்கள் பெயரிட்ட பாறைத் தொகுதிகளின் எல்லைகள் பிறகு மாறின. பல பெயர்களும் மாறின. கரையோரமாய்ப் படகில் போய் அவர்கள் எழுதிவைத்த விவரங்களை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

இவர்களில் தனித்து நிற்பவர் ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம். ஜி.எஸ்.ஐ.யைத் தொடங்கிய தாமஸ் ஓல்டாமின் மகன். 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே ஒரு பெரிய நடுக்கம் வந்தது. அதைப் பற்றி ஓல்டாம் 1884இல் ஒரு குறிப்பு எழுதினார். அடுத்த ஆண்டு அந்தமானின் நிலவியல் பற்றி எழுதினார். பூமியின் மையத்தில் தனியான ஒரு கரு இருக்கிறது என்பதை நடுக்க அலைகளைக் கொண்டு 1906இல் காட்டியவர் இதே ஓல்டாம்தான். 1881 நடுக்கத்தின் கதை அதோடு முடியவில்லை. அன்று வங்காள விரிகுடாவைச் சுற்றித் துறைமுகங்களில் ஏற்றவற்ற மானிகள் ஓடிக்கொண்டிருந்தன. கப்பல்களுக்காக வைத்த கருவிகள். அவற்றுள் எட்டு, நடுக்கம் எழுப்பிய சிறு சுனாமியைத் தாளில் கிறுக்கி வைத்தன. அலையின் உயரம் அதிகபட்சம் 80 சென்டிமீட்டர். 120 ஆண்டு கழித்து மோடெஸ்டோ ஓர்ட்டிஸ், ரோஜர் பில்ஹாம் இருவரும் அந்தக் கிறுக்கல்களை எடுத்துக் கணக்கிட்டு, நடுக்கத்தின் அளவு 7.9 என்றும் முறிவு எங்கே நடந்தது என்றும் சொன்னார்கள். அந்தக் கட்டுரை வெளிவந்தது 2003இல். 1941 ஜூன் 26இல் அந்தமானில் இன்னொரு பெருநடுக்கம். செல்லுலர் சிறையின் சில பகுதிகள் சேதமடைந்தன. இரண்டும் பெரியவை, ஆனால் 9ஐத் தொடவில்லை. இவற்றைப் பார்த்துத்தான், இந்த வட்டாரத்தில் 8க்குச் சற்றுக் கீழே வரலாம், அதற்குமேல் வராது என்ற எண்ணம் 2004க்கு முன் பலரிடம் இருந்தது. 120 ஆண்டு ஏடுகளை வைத்து, நூற்றாண்டுகளாக அழுத்தம் சேர்க்கும் ஒரு விளிம்பின் குணத்தைத் தீர்மானித்ததன் விளைவு அது.

அப்படியானால் அதற்கு முன்பு என்ன நடந்தது? ஏட்டில் இல்லாததை மண்ணில்தான் தேட வேண்டும். ஆய்வகம் இங்கேதான் உள்ளே வருகிறது.

முதலில் ஆய்வகம் எத்தனை தூரம் பின்னோக்கிப் பார்க்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தெற்கு அந்தமானின் கிழக்குக் கரையோரம் தலையணைகளை அடுக்கியது போன்ற உருண்டைப் பாறைகள் தென்படும். ஆழ்கடலடியில் பீறிட்ட எரிகுழம்பு குளிர்ந்த நீர் பட்டு உறைந்த வடிவம் அது. அருகில் கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் இறுகிய செர்ட் பாறை, ரட்லாண்டு தீவில் பூமியின் மூடகத்திலிருந்தே வந்த பச்சைநிறப் பாறை. ஆக, ஒரு பழைய பெருங்கடலின் தரை முழுவதும் இங்கே மேலேறி நிற்கிறது. அதன் வயது என்ன? சிடியாதாப்பு முனையில் கிடைக்கும் வெளிர்நிறப் பாறையை எடுத்துப் பொடியாக்கி, கனத்த திரவத்தில் மிதக்கவிட்டு, கீழே தங்கும் துகள்களிலிருந்து சிர்க்கான் என்ற கனிமத்தின் படிகங்களைச் சேகரிக்க வேண்டும். நுண்ணோக்கியின் கீழே ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. எனவே இன்று அதில் இருக்கும் ஈயம் எல்லாம் யுரேனியம் சிதைந்து வந்தது. இரண்டின் விகிதம் கடிகாரம். 2010இல் நார்வேயின் பெடர்சன், ஆக்ஸ்ஃபோர்டின் மைக்கேல் செர்ல், ஆண்ட்ரூ கார்ட்டர், பி.சி. பந்தோபாத்யாய் ஆகியோர் அறிவித்த வயது 9.5 கோடி ஆண்டுகள். அரியலூர்ச் சிப்பிகள் வாழ்ந்த அதே கிரெட்டேசியஸ் காலம்.

பாரன் தீவின் கல்லுக்கு வேறு கடிகாரம். எரிகுழம்பில் உள்ள பொட்டாசியம் மெல்ல ஆர்கான் வாயுவாக மாறுகிறது. கல்லை அணு உலையில் வைத்துக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திப் பிறகு படிப்படியாகச் சூடாக்கி, வெளிவரும் ஆர்கானை நிறமாலைமானியில் எண்ணுவார்கள். அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜோதிரஞ்சன் ராய், மும்பை ஐ.ஐ.டி.யின் காஞ்சன் பாண்டே, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் ரஜனீஷ் பூட்டானி ஆகியோர் 2015இல் வெளியிட்ட முடிவுப்படி, கடலுக்கு மேலே தெரியும் பழைய குழம்பு ஓட்டங்கள் சுமார் 16 லட்சம் ஆண்டு பழையவை. நேற்று விழித்த மலைக்கு இவ்வளவு வயது.

சுனாமியைத் தேடுவோருக்கு இந்தக் கோடிகளும் லட்சங்களும் உதவாது. அவர்களுக்கு நூற்றாண்டுகள் தேவை. கடற்கரைக்குப் பின்னால், சதுப்பு நிலமோ வற்றிய குட்டையோ இருக்கும் இடம் பார்த்து ஆளுயரத்துக்குக் குழி வெட்டுவார்கள். அமைதியான நாட்களில் அங்கே கருமையான சேறு படியும். பேரலை வந்த நாளில் மட்டும் கடல்மணல் உள்ளே வந்து ஒரு படலமாகத் தங்கும். பிறகு மீண்டும் சேறு. குழியின் சுவரைக் கத்தியால் மழித்தால் கருமைக்கு நடுவே வெளிர்க்கோடு தெரியும். அதைக் கண்டதும் மகிழ்ந்துவிட முடியாது. புயலும் மணலைக் கொண்டுவந்து போடும். எனவே மணலை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய்ச் சல்லடை சல்லடையாகச் சலித்து, துகள் அளவு கீழிருந்து மேலே எப்படிக் குறைகிறது என்று பார்க்க வேண்டும். கரையோரம் வாழாமல் ஆழமான நீரில் மட்டும் வாழும் ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகள் இருக்கின்றனவா, கீழிருந்த சேற்றைப் பிய்த்து வந்த கட்டிகள் கலந்துள்ளனவா, படலம் எத்தனை தூரம் உள்ளே போகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். 2004 அலை விட்டுச்சென்ற மணல்தான் இதற்கு ஒப்பீட்டுக் கட்டளைக்கல். அதன் குணங்கள் தெரிந்த பிறகுதான் பழைய மணலை அடையாளம் காண்பது சாத்தியமாயிற்று.

வயதுக்குக் கரித்துண்டு, விதை, மரவேர், சிப்பி எதுவாவது வேண்டும். அவற்றில் எஞ்சியுள்ள கார்பன்-14ஐ அளப்பார்கள். 5,730 ஆண்டில் அது பாதியாகும். கடினம் அளப்பதில் இல்லை. அலை ஒரு கிழட்டு மரத்தின் கரியை எங்கிருந்தோ அடித்து வந்து போட்டிருந்தால், மணலைவிடக் கரி நூற்றுக்கணக்கான ஆண்டு மூத்ததாக இருக்கும். ஆகையால் மணலுக்கு மேலும் கீழும் உள்ள சேற்றிலிருந்து மாதிரி எடுத்து, இந்த ஆண்டுக்குப் பின், அந்த ஆண்டுக்கு முன் என்று வேலி போட்டுச் சொல்வதே நேர்மையான வழி. நின்ற நிலையிலேயே செத்த அலையாத்தி மரத்தின் வேர் கிடைத்தால் அதிர்ஷ்டம். அது இடம் பெயரவில்லை. நிலம் அமிழ்ந்து உப்புநீர் மூடிய காலத்தை அப்படியே சொல்லும்.

ராஜேந்திரன் குழு அந்தமானிலும் தமிழகக் கரையிலும் இப்படித் தேடியது. மாமல்லபுரத்திலும் காவிரிப்பூம்பட்டினத்திலும் சுமார் ஆயிரம் ஆண்டு பழைய கடல்மணல் படலங்களைக் கண்டார்கள். காவிரிப்பூம்பட்டினத்துப் படலத்தைச் சோழர் காலச் சுனாமி என்று 2011இல் எழுதினார்கள். தாய்லாந்தின் ஃப்ரா தோங் தீவில் 2004க்கு முந்தைய பேரலை 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன் வந்ததாக 2008இல் தெரிந்தது. இரண்டு முடிவுகளும் ஒன்றோடொன்று பொருந்தாதது குறையல்ல. ஒவ்வொரு முறையும் முறிவு 1,300 கிலோமீட்டர் முழுவதும் ஓட வேண்டும் என்பதில்லை. ஒரு முறை தென்பகுதி, இன்னொரு முறை வடபகுதி என்று நடக்கலாம். ஒரு கரையின் மண் அந்தக் கரைக்கு மட்டுமே சாட்சி சொல்லும்.

கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஜாவேத் மாலிக் குழு போர்ட் பிளேர் அருகே கொலின்பூரிலும், பிறகு தெற்கு அந்தமானின் பாடபாலு கரையிலும் குழி தோண்டியது. 2019இல் அவர்கள் வெளியிட்ட பாடபாலு வரலாறு சுமார் 8,000 ஆண்டுக்கு நீள்கிறது. மிகப் பெரிய நடுக்கங்கள் 420 முதல் 750 ஆண்டுக்கு ஒருமுறையும், அடுத்த நிலைப் பெருநடுக்கங்கள் 80 முதல் 120 ஆண்டுக்கு ஒருமுறையும் வருவதாக அவர்கள் கணித்தார்கள்.

இந்த எண்கள் ஆய்விதழோடு நிற்கவில்லை. கிரேட் நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின்நிலையம் எல்லாம் அமைக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. நடுக்க அபாயம் பற்றிய விவாதத்தில் 420, 750 என்ற எண்களும் எடுத்துக்காட்டப்பட்டன. 2004இல்தான் ஒன்று வந்துவிட்டது, அடுத்தது வெகுதூரம் என்ற பொருளில். பாடபாலுவிலிருந்து கலத்தியா விரிகுடா 500 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே இருக்கிறது. 2004இல் 4 மீட்டருக்கு மேல் இறங்கிய இந்திரா முனை அதற்குப் பக்கத்தில் உள்ளது. சராசரி இடைவெளி என்பது கால அட்டவணையும் அல்ல. 1881இல் ஒன்றும் 1941இல் ஒன்றுமாக 60 ஆண்டு இடைவெளியில் இரண்டு பெருநடுக்கங்களை இதே தீவுக்கூட்டம் பார்த்திருக்கிறது. 8க்குச் சற்றுக் கீழான நடுக்கமே ஒரு துறைமுகத்துக்குப் போதும்.

தெற்கு அந்தமானின் மண்ணைக் கொண்டு கிரேட் நிக்கோபாருக்குத் தீர்ப்பு எழுதுவது, 120 ஆண்டு ஏட்டை நம்பி 9 வராது என்று இருந்த அதே தவறைப் புதிய இடத்தில் செய்வது. கலத்தியா விரிகுடாவுக்குப் பின்னுள்ள தாழ்நிலத்தில் குழி தோண்டி, பவளத்தை அறுத்து, மாதிரிகளுக்கு வயது காண்பதற்குச் சில வேனிற்பருவங்களும், திட்டச் செலவோடு ஒப்பிட்டால் கணக்கில் வராத ஒரு தொகையும் போதும். முதல் கான்கிரீட் கொட்டப்படும் முன் அதைச் செய்துமுடிக்க வேண்டும். அந்த அளவுகளை எல்லாரும் படிக்கும்படி வெளியிடவும் வேண்டும்.